உண்ணி குடியிருந்த வீடு

ஏப்ரல் 6, ஞாயிறு

இந்த டைரி டயர் கடைக்காரர் புதுவருஷத்துக்குக் கொடுத்தது. இதுவரை லாரி சீட்டுகளின் நீள அகலம் மட்டும்தான் இதில் எழுதியிருக்கிறேன். நாமக்கல்லில் லாரிக்குக் குஷன் தைக்கிறவனுக்கு வேறு என்ன எழுத இருக்கிறது? பத்தாம் வகுப்பில் தமிழில் முதல் தடவையே தேறியவன் நான். கணக்குத்தான் என்னை இரண்டு வருஷம் வைத்துத் தேய்த்தது. அந்தத் தமிழ் வீணாகப் போகக்கூடாதே என்று எழுத உட்கார்ந்தேன் என்றால் பெருமையாக இருக்கும். உண்மை வேறு. வீட்டில் திட்டு வாங்கியவன் எங்கேயாவது போய் உட்கார்ந்தாக வேண்டும். நான் டைரியில் உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் அடுப்படிச் சுவரில் ஒரு மிளகு மேலே ஏறிக்கொண்டிருந்தது. வசந்தாமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். மிளகுக்குக் கால் இருந்தது.

"ஏனுங்க, இங்க வாங்க. உங்க புள்ளையோட சொத்து செவுத்துல ஏறுது."

என் பிள்ளை என்று அவள் சொல்வது டீசலை. செம்மண் நிறத்தில், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும் நாய். மகள் மோகனப்பிரியாவைப் பெருந்துறையில் கட்டிக்கொடுத்த மறு வாரம், பட்டறைக்கு வந்த லாரி கேபினுக்குள் குட்டியாகப் படுத்திருந்தது. நான் ஒன்றும் ஆசைப்பட்டு எடுத்து வரவில்லை. ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டது. கூடவே வந்துவிட்டது. அவ்வளவுதான்.

மே முதல் தேதி மோகனாவுக்கு வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு இங்கே அழைத்து வந்துவிடுவோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். போன வருஷம் ஒன்று தங்கவில்லை. அதை இங்கே எழுதப் போவதில்லை.

"பச்சக்கொழந்தை வர்ற வூட்டுல இது ஆகுமுங்களா?" என்றாள் வசந்தாமணி. "நாயி இருக்கோணும்னா உண்ணி இருக்கப்படாது. உண்ணி இருக்கோணும்னா நாயி இருக்கப்படாது. மே ஒண்ணுக்குள்ள எதாச்சும் ஒண்ணு பண்ணுங்க."

"ரெண்டும் இருந்து நான் போயிட்டா?"

"அதும் ஒரு வழிதான்" என்றாள். அதையும் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பட்டறையிலிருந்து சீக்கிரம் வந்து டீசலை மல்லாத்திப் போட்டேன். அதற்கு அது ஏதோ விளையாட்டு. காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், கால் விரல் இடுக்கில் எல்லாம் உண்ணி. சில எள் மாதிரி, சில ரத்தம் குடித்துச் சுண்டைக்காய் மாதிரி. விரலால் பிடுங்கிக் கல்லில் வைத்து நசுக்கினேன். வராதவற்றுக்கு மண்ணெண்ணெய் தொட்டு வைத்தேன். சிவகாசிப் பட்டாசு மாதிரி ஒவ்வொன்றும் வெடித்ததில் எனக்கு ஒரு திருப்தி. பெரிய வேட்டைக்காரன் என்று நினைப்பு.

இதற்கெல்லாம் காரணம் யார் என்றும் கண்டுபிடித்துவிட்டேன். பக்கத்துக் காலி மனையில் நல்லாயக்கா ஆடு கட்டுகிறது. மதில் மேல் எட்டிப் பார்த்துச் சொன்னேன்.

"அக்கா, உங்க ஆட்டு உண்ணியெல்லாம் எங்க வூட்டுக்கு வருது. கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க."

"எப்படித் தம்பி வருது? பஸ் ஏறியா?"

"சொவுரு ஏறித்தான்."

"அது நடந்து வர்றத நீ பாத்தியா?"

"பாக்கோணுமா? ஆடு இருக்கற எடத்துல உண்ணி இருக்கும். சின்னப் பையனுக்குத் தெரியும்."

"அப்ப சின்னப் பையனக் கூட்டியாந்து நிறுத்து. நீ எறங்கிப் போ" என்று அக்கா ஆட்டுக்குத் தழை போடப் போய்விட்டது. நான் மதிலை விட்டு இறங்கும்போது வேட்டி ஆணியில் மாட்டிக் கிழிந்தது. நியாயம் என் பக்கம் இருந்தும் வேட்டி கிழிகிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

மறுபடியும் அத்தனையும் வந்துவிட்டது. நசுக்கியதெல்லாம் எழுந்து வந்த மாதிரி.

நல்லாயக்காவிடம் இன்னொரு தடவை சொன்னேன். பதில் இங்கே எழுதத் தக்கதல்ல.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று நல்ல காரியம் ஒன்று. பேரக்குழந்தைக்கு மெத்தை தைக்க ஆரம்பித்தேன். நான் தைத்த சீட்டில் உட்கார்ந்து கவுகாத்தி வரை போகிறார்கள். என் பேரன் கடை மெத்தையில் படுப்பதா? (பேத்தியாகவும் இருக்கலாம். எதுவானாலும் மெத்தைக்கு அளவு ஒன்றுதான்.)

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது, துவைத்துத் துவைத்து நைந்த பழைய வேட்டிதான் போடுவோம். உடம்புக்கு மெத்தென்று இருக்கும். நாருக்கும் அதே நியாயம்தான் என்பது என் தொழில் அனுபவம். புதுத் தேங்காய் நார் முள்ளாய்க் குத்தும். லாரிச் சீட்டில் வருஷக்கணக்கில் டிரைவர்கள் உட்கார்ந்து அமுக்கிய பழைய நார்தான் படிந்து, பஞ்சு மாதிரி இருக்கும். பட்டறை வாசலில் கழற்றிப் போட்ட பழைய சீட்டுக் குவியலில் அடியிலிருந்து நல்லதாகப் பொறுக்கி எடுத்துப் பின்னறைக்குக் கொண்டு வந்திருக்கிறேன். உதறி வெயிலில் காயப்போட்டு, என் பழைய வேட்டியைப் போர்த்தித் தைக்கிறேன். டீசல் பக்கத்தில் தன் நார்ப் படுக்கையில் படுத்துக்கொண்டு வேலையை மேற்பார்வை பார்த்தது.

மோகனா போனில், "ஓவராப் பண்ணாதீங்கப்பா, லாரி ஹாரனும் வெச்சுத் தெச்சுருவீங்களாட்ட இருக்கு" என்றாள்.

சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. வடை, பாயசம். டீசல் வடையைத் தொடவில்லை. வெயில்தான்.

ஏப்ரல் 16, புதன்

வெயில் இல்லை போலிருக்கிறது. மூன்று வேளையாகச் சாப்பிடவில்லை. என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் தெருமுனைக்கு ஓடி வருகிற நாய் இன்று வால் நுனியை மட்டும் ஆட்டியது. சாயங்காலம் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. எங்கேயாவது முட்டியிருக்கும் என்று துடைத்துவிட்டேன். மறுபடியும் சொட்டியது.

வசந்தாமணி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்பவே கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

"உனக்குத்தான் அது இருக்கப்படாதே."

"இருக்கப்படாதுன்னேன். சாவோணும்னா சொன்னேன்?"

ஆஸ்பத்திரி சாத்தியிருந்தது. காலையில் போக வேண்டும்.

ஏப்ரல் 17, வியாழன்

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மோகனா வயசுக்காரர்தான். டீசலின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. வயிற்றில் முடியை ஒதுக்கிக் காட்டினார். சிவப்புச் சிவப்பாகப் புள்ளி. ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

"உண்ணிக் காய்ச்சல். உண்ணி ரத்தம் மட்டும் குடிக்காது, கிருமியையும் உள்ள விட்டுட்டுப் போகும். ரத்தம் உறையற சக்தி குறைஞ்சிருக்கு. அதான் மூக்குல வருது."

"பொழச்சுக்குமுங்களா?"

"சாப்பிட ஆரம்பிச்சா பொழச்சுக்கும். மாத்திரை ஒரு மாசம். நடுவுல நல்லாயிட்டுதுன்னு நிறுத்தக்கூடாது. உண்ணிக்கு என்ன பண்ணீங்க?"

சொன்னேன். மண்ணெண்ணெய் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மண்ணெண்ணெய், எண்ணெய், பத்தவெச்ச தீக்குச்சி எதுவும் வேண்டாம். விரலால நசுக்கறதும் வேண்டாம், அந்த ரத்தம் உங்க கையில படும். சின்ன இடுக்கியில தோலை ஒட்டிப் பிடிச்சு, முறுக்காம நேரா மெதுவா இழுக்கணும். சோப்புத் தண்ணியில போட்டுட்டுக் கையைக் கழுவணும்."

"எத்தனை புடுங்கினாலும் திரும்ப வருதுங்க. பக்கத்து வூட்டு ஆட்டுலிருந்து..."

"ஆட்டு மேல இருக்கறது பெரும்பாலும் வேற சாதி. இது நாயைப் பிடிக்கிற சாதி. வீட்டுக்குள்ளயே குடித்தனம் பண்ணும். நாய் மேல நீங்க பாக்கறது கொஞ்சம்தான். குடிச்சு முடிச்சதும் கீழ விழுந்து, சுவர் ஏறி, விரிசல்ல போய் ஆயிரக்கணக்குல முட்டை வைக்கும். நாயை மட்டும் பாத்தாப் போதாது ஐயா, வீட்டைப் பாக்கணும். நாய் எதுல படுக்கும்?"

"பழைய சீட் நாருலீங்க."

"அதை முதல்ல எரிங்க" என்றார். நாய் சாப்பிட ஆரம்பித்ததும் எடைக்குத் தக்கபடி உண்ணி மாத்திரை தருவதாகவும், ஆட்டுக்கு வாங்குகிற மருந்து எதையும் இதன் மேல் ஊற்றக்கூடாது என்றும் சொன்னார். அப்படி வாங்கிய பாட்டில் ஒன்று அப்போது என் ஸ்கூட்டர் பெட்டிக்குள் இருந்தது. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து டீசலின் படுக்கையைப் புரட்டினேன். பார்த்ததை எழுத விருப்பமில்லை. எரித்தாயிற்று.

ஏப்ரல் 19, சனி

சாப்பிடவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

சாப்பிடவில்லை. மாத்திரையை வாயைத் திறந்து போட வேண்டியிருக்கிறது. எதிர்ப்பதற்குக்கூடத் தெம்பில்லை.

கூலிக்கு வைத்த காவல்காரன் மாதிரி நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதானே, வேறு வேலை இல்லை.

ஏப்ரல் 21, திங்கள்

இன்றைக்கும் வேலை இல்லை. (இருந்தது.)

மதியம் வசந்தாமணி ஒரு கிண்ணத்தில் கோழிச்சாறு விட்டுப் பிசைந்த சோற்றைக் கொண்டு வந்து வைத்தாள். நாய்க்காகக் கோழி எடுத்தாயா என்று கேட்டேன். "எனக்குக் காய்ச்சலாட்ட இருந்துச்சு, எனக்கு வெச்சேன்" என்றாள். அவள் வெள்ளிக்கிழமை விரதக்காரி, திங்கட்கிழமையும் கவிச்சி தொடமாட்டாள்.

டீசல் நாலு வாய் சாப்பிட்டது.

ஏப்ரல் 24, வியாழன்

ஈறில் லேசாக ரோஸ் நிறம். உண்ணி மாத்திரையும் கொடுத்தாயிற்று. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மருந்தைச் சொன்ன அளவில் கலந்து பின்னறை முழுக்க அடித்து, காய்கிற வரை எல்லோரும் வெளியே நின்றோம். மே ஒன்றுக்கு வீடு தயார் என்று மாப்பிள்ளைக்குப் போன் பண்ணிப் பெருமையடித்தேன். சம்பந்தியம்மா ஈஸ்வரி போனை வாங்கி, "நாயெல்லாம் சுத்தமுங்களா சம்பந்தி? முன்ன ஒரு தரம் பட்டது போதுமுங்க" என்றார்.

"எங்க வூட்டுத் தரையில சோத்தைப் போட்டுச் சாப்பிடலாமுங்க" என்றேன். யாரும் சாப்பிடச் சொல்லவில்லை. நானாகச் சொன்னது.

ஏப்ரல் 27, ஞாயிறு

மெத்தைக்கு ஓரத் தையல் மட்டும் பாக்கி. மருந்தடித்த அன்று மெத்தையில் மருந்து படக்கூடாதென்று முன்னறை பீரோ மேல் எடுத்து வைத்திருந்தேன். இறக்கினேன். வேட்டித் துணி மேல் கசகசா கொட்டினாற்போல் இருந்தது. இந்த நேரத்தில் கசகசாவை யார் இங்கே கொட்டியது என்று ஊதினேன்.

கசகசா நகர்ந்தது.

தையல் ஓட்டை வழியாக இன்னும் வந்துகொண்டிருந்தன. குஞ்சுகள். எல்லாம் ஒரே திசையில், என் கைச்சூட்டை நோக்கி.

 அந்த நேரம் பார்த்து மோகனா போன் பண்ணினாள்.

"அப்பா, மெத்தை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது கண்ணு."

"போட்டோ எடுத்து அனுப்புங்க."

"நேர்ல வந்து பாரு" என்றேன்.

ஏப்ரல் 28, திங்கள்

மெத்தையைக் காலி மனையில் வைத்துக் கொளுத்தினேன். நல்லாயக்கா ஆடுகளை ஓட்டிக்கொண்டு தள்ளிப் போய் நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அப்புறம் பட்டறைக்குப் போனேன். வாசலில் பழைய சீட்டுக் குவியல் மேல் தெருநாய்கள் இரண்டு சுருண்டு படுத்திருந்தன. வருஷக்கணக்காகப் படுக்கின்றன. நான்தான் தினமும் 'நவுரு நவுரு' என்று காலால் தள்ளிவிட்டு, அதற்கு அடியிலிருந்து நார் பொறுக்குகிறேன். ஒரு நாய் எழுந்து உட்கார்ந்து பின்னங்காலால் காதைச் சொறிந்தது. சொறிந்துகொண்டே என்னைப் பார்த்தது.

டீசல் படுக்கைக்கு நார் கொண்டு வந்தது நான். பேரனுக்கு நார் கொண்டு வந்ததும் நான். உண்ணி பஸ் ஏறி வரவில்லை. ஸ்கூட்டரில் வந்திருக்கிறது. முன்னால் நிற்க வைத்துக் கூட்டி வந்திருக்கிறேன்.

வசந்தாமணியிடம் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். முன்னறைக் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினாள். அதுதான் பயமாக இருந்தது.

"யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா அனுப்பமாட்டாங்க."

"வூட்டுல உண்ணிக்குஞ்சு ஊறுது வசந்தா. பீரோ மேலிருந்து எங்கெங்க எறங்குச்சோ."

"மறுபடி மருந்தடிக்கலாம். நாயை எங்காச்சும் குடுத்துருங்க, தீந்துது. போன தரம் அவ அங்க இருந்தப்பத்தான் அப்படி ஆச்சு. நான் பக்கத்துல இல்ல. இந்தத் தரம் எம்பட கண்ணுல வெச்சுப் பாக்கோணும். அவ இங்கதான் வரோணும்."

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். நாயை அனுப்பிவிட்டால் தீருமா?

"தீராது. வீட்டுல இருக்கறது பட்டினியா மாசக்கணக்குல காத்திருக்கும். நாய் கிடைக்கலைன்னா வேற ஆளைத் தேடும். மருந்து சாப்பிட்ட நாய் வீட்டுல இருந்தா, அதைக் கடிக்கறது அதுலயே சாகும். நாயை அனுப்பாதீங்க."

"புள்ளைத்தாச்சி வரலாமுங்களா?"

"இந்தச் சாதி மனுசரைக் கடிக்கறது குறைவுதான். ஆனா கடிக்காதுன்னு நான் சொல்லமாட்டேன். என் கூடப் பிறந்தவளா இருந்தா ஒரு மாசம் பொறுத்துக் கூப்பிடுவேன்."

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்று சொல்லவில்லை.

ஏப்ரல் 30, புதன்

காலையில் வசந்தாமணி முன்னறையில் மோகனாவின் பழைய கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருந்தாள். பூப்போட்ட விரிப்பு. நான் சுவரைப் பார்த்தேன். விரிப்பைப் பார்த்தேன். பூவில் எது பூ, எது வேறு என்று தேட ஆரம்பித்துவிட்டேன். மகள் படுக்கப் போகிற விரிப்பில் பூவை எண்ணிக்கொண்டிருக்கிறவன் என்ன அப்பன்?

வெளியே போய் நின்று போன் பண்ணினேன்.

"கண்ணு, நாளைக்கு வளையல் போட்டுக்க. ஆனா வூட்டுக்கு வராத."

 "அப்பா, உங்களுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். நார், தெருநாய், மெத்தை, கசகசா, ஞாயிற்றுக்கிழமை 'முடிஞ்சுது' என்று பொய் சொன்னது வரை. போனைச் சம்பந்தியம்மாவிடம் கொடுக்கச் சொல்லி அவரிடமும் சொன்னேன்.

"தரையில சோத்தைப் போட்டுச் சாப்பிடலாம்னீங்களே சம்பந்தி" என்றார்.

"நீங்க சாப்பிட வேண்டாமுங்க" என்றேன். இதைவிட நல்ல பதில் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

மே 1, வியாழன்

வளைகாப்பு நன்றாக நடந்தது. மோகனாவின் இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். ஏழு வகைக் கட்டுச்சோறு. எங்கள் வண்டியில் அவளுக்கென்று தலையணை வைத்துக்கொண்டு போயிருந்தோம், பழக்கத்தில். திரும்பும்போது அந்த இடத்தில் மீதிப் புளிசாதத் தூக்கு உட்கார்ந்து வந்தது.

பொண்ணை ஏன் அனுப்பவில்லை என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது சம்பந்தியம்மா முந்திக்கொண்டு, "அங்க வூட்டுல சின்ன வேலை நடக்குதுங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த மனுஷியைப் பற்றி நான் நினைத்திருந்ததில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

வசந்தாமணி வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மே 4, ஞாயிறு

வசந்தாமணி என்னோடு பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை டீசலிடம் சொல்கிறாள்.

"டீசலு, உங்கய்யங்கிட்டச் சொல்லு, சோறு ஆறுதுன்னு."

டீசல் என்னைப் பார்க்கும். நான் போய்ச் சாப்பிடுவேன். அஞ்சல் துறையே தோற்றுவிடும்.

பட்டறை வாசல் குவியல் முழுவதையும் எரித்தேன். பட்டறைக் கூட்டாளி நல்ல நாரெல்லாம் போச்சே என்று வயிறெரிந்தார். கட்டில், பீரோ எல்லாவற்றையும் வெளியே எடுத்து, சுவர் விரிசல், நிலைப்படிச் சந்து, கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணி ஓட்டை என்று ஒவ்வொன்றையும் சிமெண்ட் வைத்து அடைத்தேன். இந்த வீட்டில் இத்தனை ஓட்டை இருப்பது கட்டிய எனக்கே தெரியாது.

மே 6, செவ்வாய்

நல்லாயக்காவிடம் போனேன். மதில் மேல் எட்டிப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு வாசல் வழியாகப் போனேன்.

"உங்க ஆடு மேல தப்பில்லீங்கக்கா. நாந்தான் கொண்டாந்தேன்."

அக்கா தழையை ஒடித்துக்கொண்டே சொன்னது: "அத எங்கிட்ட எதுக்குச் சொல்ற? நீ பேசுனது ஆட்டத்தான? ஆட்டுகிட்டச் சொல்லு."

சொன்னேன். கிடா ஒன்று என் துண்டைத் தின்ன ஆரம்பித்தது. அக்கா சிரித்தது. ரொம்ப நேரம் சிரித்தது.

மே 11, ஞாயிறு

இரண்டாவது தடவை மருந்தடித்தாயிற்று.

தினமும் சாயங்காலம் டீசலைப் பார்க்கும் வேலை எனக்கு. காதுக்குள், பட்டைக்கு அடியில், கக்கத்தில், விரல் இடுக்கில், வாலுக்கு அடியில். வாலுக்கு அடியில் பார்ப்பதை டீசல் அவமானமாக நினைக்கிறது. எனக்கும் பெருமையில்லை. இன்று நான் கண்ணாடி இல்லாமல் பார்த்துவிட்டு 'ஒண்ணுமில்லை' என்றேன்.

"டீசலு, கண்ணு தெரியாதவங்க பாத்தா ஒண்ணும்தான் இருக்காது" என்று சொல்லிக்கொண்டே வசந்தாமணி வந்து உட்கார்ந்து இரண்டாந்தரம் பார்த்தாள். அவள் தொட்டதும் அந்தத் துரோகி வாலுக்கு அடியிலும் காட்டியது.

மே 18, ஞாயிறு

டீசலின் ரத்தத்தை மறுபடி பார்த்தார்கள். தேறிவிட்டது. டாக்டரம்மா உண்ணி மாத்திரையை மாசாமாசம் நிறுத்தாமல் கொடுக்கச் சொன்னார், பனிக்காலத்திலும். நம் ஊரில் உண்ணிக்கு லீவு கிடையாதாம்.

அறைக்கு ஒரு வெள்ளை வேட்டி தரையில் விரித்து வைத்துக் காலையில் எடுத்துப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை.

மே 24, சனி

மாப்பிள்ளை பேசினார். ஒன்பதாம் மாசம் பிறக்கப் போகிறது, வெள்ளிக்கிழமை நல்ல நாள், வீடு சுத்தமென்றால் மோகனாவைக் கொண்டு வந்து விடுகிறேன், இல்லையென்றால் பிரசவம் அங்கேயே பெருந்துறையில் ஆகட்டும், கடைசி மாசத்தில் அலைக்கழிக்க முடியாது என்றார். நியாயம்தான்.

வசந்தாமணி கேட்டுக்கொண்டே நின்றாள். டீசலிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

மே 28, புதன்

காலையில் எல்லா வேட்டியும் வெள்ளை. எனக்குப் பாட்டு வந்தது. பாடினேன். டீசல் வெளியே போய்விட்டது.

சாயங்காலம் முன்னறைச் சன்னல் கட்டையில், நான் வைத்த சிமெண்ட் காய்ந்து முடியளவு விலகியிருந்த இடத்தில், ஒன்று நின்றது. ஒன்றே ஒன்று. தட்டையாக, பட்டினியாக. இடுக்கியால் எடுத்துச் சோப்புத் தண்ணியில் போட்டேன். சுற்றிலும் தேடினேன். வேறு இல்லை. யாரும் பார்க்கவில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்தால் கதை முடிந்தது.

திரும்பினால் வாசல்படியில் வசந்தாமணி. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாசம் கழித்து நேராக என்னைப் பார்த்துப் பேசினாள்.

"ஒண்ணுதானுங்க."

"ஒண்ணுதான்."

"சொன்னா வரமாட்டா."

"ஆமா."

அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு போனை எடுத்து வந்து என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் உருளும் சத்தம் எதுவும் வரவில்லை. கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

மோகனாவிடம் சொன்னேன். எங்கே, எப்படி, எத்தனை என்று. ஓட்டையை மறுபடி அடைப்பேன், ஆனால் இனி ஒன்றுகூட வராது என்று என்னால் சொல்ல முடியாது, தினமும் தேடுவேன் என்று மட்டும்தான் சொல்ல முடியும் என்றேன். சொல்லிவிட்டு, "அங்கயே இருந்துக்க சாமி. நாங்க வந்து வந்து பாத்துக்கறோம்" என்றேன்.  

அவள் போனை வைக்காமலே மாமியாரிடம் பேசுவது கேட்டது. ஈஸ்வரியம்மா ஏதோ நீளமாகச் சொன்னார். பிறகு மோகனா வந்தாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை பத்தரைக்குள்ள வரோம்."

"ஒண்ணு இருந்துதுன்னு சொன்னனே கண்ணு."

"அதனாலதான் வரேன். ஒண்ணுமே இல்லைன்னு சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேன். உங்க வாயில ஒண்ணுமே இல்லைங்கறது எத்தனைன்னு எனக்குத் தெரியாதா? அத்தையும் அதையேதான் சொன்னாங்க. ஒண்ணைக்கூட மறைக்காத மனுசன் ரெண்டை மறைக்கமாட்டாராம்."

அடுப்படியில் பாத்திரம் உருண்டது.

மே 30, வெள்ளி

வந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் டீசலைக் கூப்பிட்டுக் காதுக்குள் பார்த்தாள், பட்டைக்கு அடியில் பார்த்தாள், காலைத் தூக்கி விரல் இடுக்கில் பார்த்தாள். அடுத்து என் கையை நீட்டச் சொன்னாள். சிமெண்ட் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. அதையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள்.

"என்னடி பாக்கற?"

"பேசாம இருங்கப்பா. பாதியில விடக்கூடாது" என்றாள்.

எழுத நேரமில்லை. சாயங்காலம் ஆகிவிட்டது. சன்னல் கட்டையைப் பார்க்க வேண்டும்.